பாடமான புத்தகம்

கல்முனை பஸ் நிலையத்தில் பொத்துவில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் காற்று செத்துக் கிடக்கிறது. அருகில் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக ஓர் அரபுக் கல்லூரி மாணவர். மடியில் ஆங்கிலப் புத்தகம். குர்ஆனை மனனம் செய்பவர்போல முன்னும் பின்னும் ஆடியபடி படிக்கிறார்.

"முழுசும் பாடமாக்கிட்டன் சேர். எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் சொல்லுவன்."

"மௌலவியாகப் போற ஆளுக்கு இங்கிலீஸ் எதுக்குத் தம்பி?"

"அறுகம்பே கடற்கரைக்கு வாற வெள்ளைக்காரங்க எங்கட உடுப்பக் கண்டாலே ஒதுங்குறாங்க. நாங்க ஆரெண்டு எங்கட வாயால சொல்லணும் சேர்."

அலைச்சறுக்குப் பலகையோடு நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் மாணவரைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். நான் உதவப் போகிறேன்.

"விடுங்க சேர், நான் சொல்றன்."

கண்ணை மூடுகிறார். ஓதும் இராகத்தில், உரத்த குரலில், முதல் பாடம் வருகிறது. தன் பெயர் ஜோன். வீடு லண்டனில். ஞாயிறு தோறும் தேவாலயம் போவார். வீட்டில் ஒரு நாய் உண்டு. நடுவில் நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

கண் திறக்கும்போது அந்தப் பெண் பலகையை அணைத்தபடி தள்ளிப் போய் நிற்கிறாள்.

"எங்கயும் பிழை விட்டுட்டனா சேர்?"

"இல்ல தம்பி. ஓர் எழுத்தும் பிசகல்ல."

பஸ் வருகிறது. ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். மாணவர் இருந்த இடத்திலேயே பிஸ்மில்லாஹ் சொல்லி, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆடத் தொடங்குகிறார்.