பனியில் விழுந்த மெட்டி

எங்கள் குடியிருப்பின் பதினான்காவது விதி இது: புல்தரையில் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்த எழுத்துமூல அனுமதி வேண்டும், விண்ணப்பித்த ஏழு நாட்களுக்குள் அலுவலகம் பதில் தரும். பணிக்காலம் முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். நம்பினேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, நியூ ஜெர்சியில் எங்கள் முதல் குளிர்காலம். நடந்துவிட்டு வந்ததும் என் மனைவி கம்பளிக் காலுறையைக் கழற்றிப் பால்கனியில் நின்று உதறுவாள். தெருவில் தூவிய உப்பு வீட்டுக்குள் வரக் கூடாது. குளிரில் விரல் சுருங்கியிருந்தது. ஒருநாள் இடது கால் மெட்டி காலுறையோடு கழன்று, உதறியதில் கீழே முழங்கால் ஆழப் பனியில் விழுந்தது. எனக்கு அந்த மாதக் கடைசியில் இதய அறுவை சிகிச்சை.

“வேற வாங்கிக்கலாமே” என்றேன்.

“அம்மி மேல கால வெச்சு நீங்க போட்டது. ஆபரேஷன் சமயத்துல எவனோ கடைக்காரன் குடுத்ததப் போட்டுக்கவா?”

அதன்பின் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கீழ்வீட்டில் இருந்தவர் ராமநாதபுரம் பக்கம். கோடையில் கடற்கரை மணலில் நாணயம் தேடுவதற்காக டிடெக்டர் வைத்திருந்தார்.

“அங்கிள், இப்பவே செக் பண்ணிடலாம். பர்மிஷன் வர்றதுக்குள்ள மெட்டி துருப்பிடிச்சிடும்.”

“வெள்ளி துருப்பிடிக்காது. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?”

உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்: “அவரு நெஞ்சு அடைப்பையே ரிப்போர்ட்ட பாத்தப்புறம்தான் நம்பினாரு.”

விண்ணப்பம் கொடுத்தேன். ஏழு நாள் கெடு கடந்தும் பதில் இல்லை. இறங்கினோம். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று அவர் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்திருந்தார். மெட்டி எவ்வளவு தூரம் பறந்தது என்று அவளுக்குத் தெரியாததால் வேலியோரத்திலிருந்து தொடங்கினோம். கருவி கூவிய இடங்களிலெல்லாம் பீர் மூடிகள். பால்கனிக்குக் கீழே வருவதற்குள் குடியிருப்பு மேலாளர் வந்து அனுமதிக் கடிதம் கேட்டார். அதை எழுத வேண்டியவர் அவர்தான் என்றேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார். எனக்கு நன்றாகப் பழகிய வாக்கியம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் இயந்திரம் வந்து, நடைபாதையோடு புல்தரைப் பனியையும் வழித்து லாரியில் ஏற்றிப் போனது.

அறுவை சிகிச்சையன்று அவள் வெறும் விரலில் மஞ்சள் நூலைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். பிழைத்தேன். நூலை அவிழ்க்கச் சொன்னால் முடிச்சை இறுக்குகிறாள். நைந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்கிறாள். என்னோடு வெளியே நடக்கவும் வருவதில்லை.

அனுமதி வழங்கப்படுகிறது, பனி உருகுவதற்குள் தேடி முடிக்கவும் என்ற பதில் மே மாதம் ஒன்பதாம் தேதி வந்தது.