பதினொன்றாம் கட்டிலின் இரண்டு மணிப் பதிவு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்ச மாட்டேன். நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுச்சாமத்தில் இல்லை, பட்டப்பகல் இரண்டு மணிக்கு. ராத்திரி டியூட்டியில் பதினொரு வருஷம் தனியாக நடந்தவள் நான். ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். புத்தளத்துக் கரையில் ஒன்று, அவ்வளவுதான்.

என் பெயர் டிலுக்ஷி. ஊர் தலவில. பெண்கள் வாட்டில் தாதி, இங்கத்தே பேச்சில் 'மிஸ்ஸி'. 2017 ஜூலை, டெங்குக் காலம். முப்பது கட்டிலுக்கு அறுபத்திரண்டு பேர். கீழே பாயிலும் படுத்திருந்தார்கள். டியூட்டியில் நானும் இன்னொரு தாதி றைஸாவும் மட்டும்.

அதற்கு முந்தின வருஷம்தான் வாட்டுக்கு இரண்டு கொம்பியூட்டர் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஒரு இரத்தப் பரிசோதனை முடிவுக்கு ஆளை அனுப்பிவிட்டு, அவர் தேத்தண்ணி குடித்துத் திரும்பும்வரை காத்திருப்போம். இப்போது எல்லாம் திரையிலேயே வந்துவிடும். ஒரே தொல்லை, சிவப்பு. டெங்கு நோயாளிக்கு மணிக்கொரு தரம் பிரஷரும் நாடியும் பார்த்துப் பதிய வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் அந்தக் கட்டிலின் பெட்டி திரையில் சிவந்துவிடும். மேட்ரன் தன் அறையில் இருந்தபடியே அதைப் பார்ப்பார். அதனால் கை ஒழியாத நேரங்களில் நாங்கள் ஒரு வேலை செய்தோம். கட்டிலுக்குப் போகாமலே, முந்தின மணியின் எண்களைத் திரும்பவும் போட்டுவிடுவோம். சிவப்புப் போய்விடும்.

மாக்கிறட் மிஸ்ஸி மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். எங்களில் மூத்தவர். முதலில் மவுஸைத் தொடவே பயந்து, "ஐயோ யேசுவே, இது கடிக்காதா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தவர். பிறகு அவரைப்போல் அந்த மெஷினில் ஆசை வைத்தவர்கள் இல்லை. அளந்த எண்களை உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு வருவார். மூலைக் கொம்பியூட்டரில் உட்கார்ந்து ஒரே விரலால் தட்டுவார்... டக்... டக்... டக்... எதையாவது திருத்தினால் காரணம் எழுத ஒரு கட்டம் வரும். நாங்கள் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவோம். அவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்.

அந்த வருஷம் ஜனவரியில் டெங்கு அவரையும் கொண்டுபோனது. எங்கள் வாட்டிலேயே, பதினொன்றாம் கட்டிலில்.

இப்போது அதே கட்டிலில் சுல்பா. பத்தொன்பது வயது, பள்ளிவாசல்துறைப் பெண். அடுத்த மாதம் கலியாணம். காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அவளுடைய தாய் றஹ்மத் உம்மா, "அல்ஹம்துலில்லாஹ், புள்ளைக்கிச் சொகமாயிட்டு" என்று என் கையைப் பிடித்தார். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கத் தொடங்கினால், உடனே சேலைன் ஏற்ற வேண்டும். பிந்தினால் ஆள் இல்லை.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மணி 2.05. பதினொன்றாம் பெட்டி சிவந்தது. முதல் நாள் மாலையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தேன். கால் இருப்பதே தெரியவில்லை. மனமும் அப்படித்தான், மரத்துப்போயிருந்தது. ஒரு மணிக்குச் சுல்பாவுக்கு 110/80, நாடி 96. அதையே இரண்டு மணிக்கும் போட்டேன். சிவப்புப் போனது.

மணி 2.09. பதினொன்றாம் கட்டிலின் மறைப்புத் துணிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்...

பிரஷர் பட்டியைப் பிரிக்கிற சத்தம். பிறகு காற்றடிக்கிற சத்தம். புஸ்... புஸ்... புஸ்...

றைஸா பார்க்கிறாள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

மணி 2.11. என் முதுகுக்குப் பின்னால், மூலையில்...

டக்... டக்... டக்...

திரும்பினேன். கதிரையில் ஆளில்லை. திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

என் முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். நான் போட்ட 110/80 மேல் கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் புதிய எண்கள். 90/75. நாடி 128.

பதிந்தவர்: மாக்கிறட்.

காரணம்: paarkavillai.

பார்க்கவில்லை.

"றைஸா... விளையாடுறீங்களா?"

"என்னத்த?"

குரல் வாட்டின் மறுகோடியில் இருந்து வந்தது. மூன்றாம் கட்டிலில் ஒரு கிழவியின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கையும் அங்கேதான் இருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கமாக இருக்கிறது. கட்டிலுக்கு ஓடவில்லை. கோட்டை அழித்து, திரும்பவும் 110/80 போட்டேன். காரணத்துக்கு ஒரு புள்ளி.

டக்... டக்...

கோடு விழுந்தது. 90/75.

எழுந்தேன்.

இருபத்திரண்டு அடி இருக்கும். எப்படி நடந்தேன் என்று தெரியாது. துணியை விலக்கினேன்.

சுல்பா கண்ணை மூடிக் கிடந்தாள். றஹ்மத் உம்மா பக்கத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் அளக்கவா, மிஸ்ஸி? இப்பதானே அந்த வயசான மிஸ்ஸி பார்த்துட்டுப் போறாங்க."

"யார்?"

"பேர் தெரியா. உள்ளங்கையில எழுதிட்டுப் போனாங்க. அவங்கட கை பட்டதும் புள்ள நடுங்கிட்டு... அவ்வளவு குளிராம்."

சுல்பாவின் கையைத் தொட்டேன். அதுவும் குளிர்ந்திருந்தது. பட்டியைச் சுற்றினேன். காற்றடித்தேன்.

90/75.

நாடி 128.

"டொக்டரைக் கூப்பிடுங்க! றைஸா! ஓடுங்க!"

மணி 2.19க்கு டொக்டர் வந்தார். சேலைன் ஏறியது. நாலு மணிக்குக் கை சூடானது. இன்னும் அரை மணி விட்டிருந்தால் உயிர் போன மய்யித்தைத்தான் கொடுத்திருப்போம் என்றார் டொக்டர். நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. சுல்பாவின் கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த கிழமை கொம்பியூட்டர் பகுதி நெய்னார் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, மாக்கிறட் மிஸ்ஸிட கொம்பியூட்டர் கணக்கை நான் பெப்ரவரியிலேயே மூடிட்டேன். அன்டைக்கு ஆரோ அதுக்குள்ள பூந்திருக்காங்க. ஆரெண்டு தெரியுமா?"

"தெரியாது."

"சுல்பாட பதிவுல மட்டுமில்ல. அதே நேரம் இன்னொரு பழைய பதிவையும் திருத்தியிருக்கு. இஞ்ச பாருங்க."

திரையைத் திருப்பினார்.

ஜனவரி 19. பிற்பகல் 2.00. கட்டில் 11. நோயாளி: மாக்கிறட். பதிந்தவர்: டிலுக்ஷி. 110/80.

அதன் மேல் கோடு.

பக்கத்தில்: 85/70. நாடி 132.

"இந்த எண்கள் எங்கால வந்தது, மிஸ்ஸி? எந்தக் கடுதாசியிலயும் இல்லையே."

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றும் நான் கட்டிலுக்குப் போகவில்லை. ஒரு மணியின் எண்களையே போட்டேன். மாக்கிறட் மிஸ்ஸிதானே, ஏதாவதென்றால் கூப்பிடுவார் என்று நினைத்தேன். 3.10க்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரஷர் பட்டி அவருடைய கையிலேயே சுற்றியிருந்தது. உடம்பைத் துடைத்தது நான். மூடியிருந்த உள்ளங்கையை விரித்தேன். பேனை எழுத்து.

2.00. 85/70. 132.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மூன்று தரம் துடைத்தேன், போகும்வரை. யாரும் பார்க்கவில்லை. அவர் கூப்பிட்டிருக்கவே மாட்டார், கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும் என்று ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கீழ காரணமும் எழுதியிருக்கு" என்றார் நெய்னார். "இங்கிலீஷ் எழுத்துல தமிழ். நீங்களே வாசிங்க."

வாசித்தேன்.

naalu tharam kooppittaen.

நாலு தரம் கூப்பிட்டேன்.