கடை போனுக்குப் பதில் எழுதுகிறவள்

கடை போனில் பதில் போடுவதும் ஒரு வேலைதான் என்பதை எங்கள் வீட்டிலேயே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. சிம்மக்கல்லில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. ஆறு வருஷமாக ஆன்லைனில் சில்லறைக்கும் சேலை விற்கிறோம். படம் போடுவது, விலை சொல்வது, பார்சலுக்கு முகவரி எழுதுவது, திட்டு வாங்குவது, நாலும் என் பொறுப்பு. எங்கேயாவது ஒரு கவுண்டரிலோ போனிலோ "சொல்லுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற அத்தனை பேருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அந்தப் பக்கத்து ஆள்

திருமங்கலத்துக்காரர் ஒருவருக்குப் பார்சல் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. முதல் மெசேஜில் "என்னாச்சு" என்று கேட்டிருந்தார். மற்றவர்களுக்குப் பதில் எழுதி முடித்து நான் அவரிடம் வருவதற்குள் பதினோரு மெசேஜ் வந்துவிட்டது. ஐந்தாவதில் கடையைத் திட்டியிருந்தார், எட்டாவதில் என் பிறப்பை. பதினொன்றாவதை இங்கே எழுத முடியாது.

வழக்கமாக இந்த மாதிரி நம்பரை பிளாக் செய்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். அன்றைக்கு என்னவோ, கூப்பிட்டுவிட்டேன். "சார், ஜவுளிக் கடையிலருந்து பேசுறேன். உங்க மெசேஜ் எல்லாத்தையும் நான்தான் படிச்சேன்" என்றேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். அப்புறம், "சாப்டீங்களாம்மா" என்றார். ஓய்வுபெற்ற வாத்தியாராம். மறுநாள் மகளுக்கு வளைகாப்பு, அதற்கான சேலை அது. இன்றைக்கு மதியத்துக்குள் வந்துவிடும் என்று சொன்னேன், வந்தும்விட்டது. போனை வைக்கும்முன் அவர் சொன்னது: "எழுதுறப்ப அந்தப் பக்கம் ஆள் இருக்கும்னே தோணலைம்மா."

வீடியோ ஆதாரம்

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் புகாரை ஏற்கமாட்டோம் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். வேறு யாரோ போட்டதைப் பார்த்து முதலாளி எழுதச் சொன்னார், எழுதியது நான். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், அரை நாள் லீவு போட்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்சலோடு நேரே கடைக்கு வந்துவிட்டது. படத்தில் மயில்கழுத்து நிறம், கையில் இருந்ததோ சாம்பலுக்குப் பக்கத்து நிறம். முந்தானையில் ஒரு சாண் கிழிசல் வேறு.

நான் நிபந்தனையைச் சொன்னேன். அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிழிசலை விரித்துப் பிடித்தபடி நின்றது. சேலையை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய், "படம் நாம எடுத்தது, மடிச்சதும் நாமதான்" என்றேன். அவர் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மாத்திக் குடுத்து விடு, பழக்கமாக்கிறாத" என்றார். மாற்றிக் கொடுத்ததை வாசல் வெயிலில் இரண்டு தடவை விரித்துப் பார்த்துப் பைக்குள் வைத்தபின், அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டது: "ஏக்கா, ஒரு கையில போனு, ஒரு கையில பார்சலு. கத்திரிக்கோலை எந்தக் கையில பிடிக்கிறது?"

நம்பர்தானே

முதலாளியின் நண்பர் ஒருவர் வீட்டு மனை விற்கிறவர். எங்கள் வாடிக்கையாளர்களின் போன் நம்பர் பட்டியலைக் கேட்டார். "அவுங்க சேலைக்குக் குடுத்த நம்பரு, முதலாளி" என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பர்தானே, நகையையா கேக்குறான்" என்றார். என் கையாலேயே அனுப்பினேன். அதை மறைத்து என்ன செய்ய. அடுத்த வாரமே, பழைய வாடிக்கையாளர்கள் கூப்பிட்டு, மனை விற்கிறவர்களுக்குத் தங்கள் நம்பர் எப்படிப் போனது என்று கேட்கத் தொடங்கினார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி வைத்தேன்.

அந்தப் பட்டியலில் முதலாளியின் வீட்டம்மா நம்பரும் இருந்தது. நாலு நாள், மதியத் தூக்கத்தில் எழுப்பி மனை வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் முதலாளி வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் கேட்டார்: "நம்ம வீட்டு நம்பரை இவனுகளுக்கு யாரு குடுத்திருப்பா?"

ஒரே ஒரு வார்த்தை

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஓர் ஆள் கூப்பிட்டார். மரியாதையான குரல். மனைவியின் பெயர், போன் நம்பர், வாங்கிய அரக்குச் சேலை, எல்லாம் சரியாகச் சொன்னார். கல்யாண நாளுக்கு மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு சேலை அனுப்ப வேண்டுமாம். "போன தடவ அனுப்புன அதே அட்ரஸுக்குத்தான். ஒருக்கா வாசிங்க சிஸ்டர், சரியான்னு பார்த்துக்கிறேன்."

நானும் திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். "பசுமலை" என்றதும், "பசுமலையா" என்று கேட்டார். தெரிந்ததைச் சரிபார்க்கிறவர் அப்படிக் கேட்கமாட்டார். "நீங்க அட்ரஸைச் சொல்லுங்க சார், நான் சரியான்னு சொல்றேன்" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்து நிமிஷம் அப்படியும் யோசித்தேன். பாக்கிங் பகுதியில் இருக்கிற முருகேசன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "சொல்லிரு தாயி, அந்தப் புள்ளைக்கு எம்புட்டு நேரம் இருக்கோ" என்றார். கூப்பிட்டேன். சேலை வாங்கிய அந்த மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். எட்டு மாதத்துக்கு முன்னால், அடி தாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு அவனை விட்டு வந்தவள். கடை பெயரையும் சேலையையும் நம்பரையும் சொந்தக்காரர் யாரோ அவனிடம் உளறியிருக்கிறார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "ஏரியா மட்டுந்தானா, தெருவும் சொன்னீங்களா" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

அன்று சாயங்காலமே மகளோடு மேலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும், அவன் பசுமலையில் டீக்கடை டீக்கடையாக அவள் படத்தைக் காட்டி விசாரித்திருக்கிறான். மகளிர் காவல் நிலையத்தில் அவள் புகார் கொடுத்தபோது நானும் போய், நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். அப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு காட்டன் சேலையை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தப்பை நீங்களாச் சொன்னீங்கல்லக்கா, அதுனாலதான் இங்க வாரேன். பில்லுல பேரை மட்டும் போடாதீங்க."

கேட்காத நம்பர்

அதற்குப் பிறகு முதலாளியிடம் மல்லுக்கட்டி, கடைக்கு நேரில் வருகிறவர்களுக்குப் பில் போடும்போது நம்பர் கேட்பதை நிறுத்தவைத்தேன். பெரிய சாதனை என்று எனக்குள் ஒரு நினைப்பு. முதல் வாரமே, மனைவியோடு வந்த ஒரு பெரியவர் பில்லை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். என்னவென்று கேட்டதற்கு, வருத்தமாகவே சொன்னார்: "எல்லாக் கடையிலயும் நம்பரு கேக்குறாக. எங்களைப் பார்த்தா மட்டும் கேக்கத் தோணலையாத்தா?"

நம்பரைக் கொடுக்கிறவர்களுக்கும் பயமில்லை, வாங்கி வைக்கிறவர்களுக்கும் பயமில்லை, நடுவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவளுக்குத்தான் ரத்தக்கொதிப்பு மாத்திரை.