தூக்காமல் எழுப்புவது

தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு அங்கே வைத்திருந்த பெயர் கிரேன். முப்பது கிலோ பார்சல் மூட்டையை இரண்டு ஆண்கள் சேர்ந்து முக்கி முனகித் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். இவள் தனியாளாக இடுப்பில் சாய்த்து, ஒரே தம்மில் ஏற்றிவிட்டு, "அடுத்தது எங்க?" என்று கேட்பாள். ஓய்வு பெற்ற நாளில் பேசிய அதிகாரி, இனி நிஜக் கிரேன் ஒன்று வாங்க வேண்டியதுதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை ஒரு தடவையாவது சொல்லாமல் அவள் விட்டதில்லை.

ஆகவே, கணக்கு வாத்தியாராக இருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோனபோது, உறவுக்காரர்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவள் நிற்கவில்லை. "தூக்குறது எனக்குப் புதுசா?" என்றாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து மறுபடி நாற்காலி என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கினாள். அவர் நல்ல கையை ஊன்றப் பார்த்தால், "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிடுவாள். அவரும் நல்ல பிள்ளையாகச் சும்மா இருந்தார். பாசம் மிஞ்சிப்போனால் புத்தி கொஞ்சம் மட்டாகத்தான் வேலை செய்யும், இவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில், அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது முதுகில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. பாதி குனிந்தபடியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. அவர் அவள் பிடியிலிருந்து நழுவி, நல்லவேளையாக அடிபடாமல், தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சட்டை கொடுக்க வந்து எட்டிப் பார்க்கும் வரை முக்கால் மணி நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்புதான், பிசியோதெரபி செய்தால் சரியாகும் என்றார் டாக்டர். மகளுக்கு அது போதவில்லை. கையோடு ஒரு விண்ணப்பத் தாள் கொண்டுவந்திருந்தாள். முதியோரைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம்.

"அப்பாவைப் பாத்துக்கறேன்னு நீயும் படுத்துட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? ஆறு வாரம் கழிச்சு வருவேன். அப்பவும் நீ இப்படித்தான் தூக்கிட்டு இருந்தேன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். சொன்னா கேளு."

பெண் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம். அவரை அங்கே விட்டுவிட்டு, தான் மட்டும் இந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரமே பிசியோ பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் இவளுக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஃபேனை வேகமாக வைத்தால் பறந்துவிடுவாள் போலிருந்தாள்.

"கரண்ட் வைக்கிற மெஷின் எங்கம்மா?"

"கொண்டு வரலம்மா."

"அப்ப தைலமாவது தேய்ச்சு விடுவியா?"

"வலிக்கும்போது சூட்டு ஒத்தடம் குடுங்க, இதமா இருக்கும். ஆனா வலி திரும்ப வராம இருக்கணும்னா நீங்கதான் வேலை செய்யணும். இப்ப வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க."

"பரவாயில்லை."

"பொய்," என்றார் நாற்காலியில் இருந்த கணவர். பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்தன. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் சொன்னார். "எட்டு."

பிசியோ பெண் சிரித்துக்கொண்டே நோட்டில் எட்டு என்று எழுதினாள். ஐயாவை எப்படித் தூக்குகிறீர்கள், ஒரு தடவை காட்டுங்கள், நான் பக்கத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு" என்றபடியே இழுத்தாள். அதற்குமேல் இழுக்க விடாமல் பிசியோ பெண் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"மூணு எங்கம்மா போச்சு?"

"ரெண்டுலயே தூக்கிடுவேன்."

"ஐயா, நீங்க எப்ப எழும்பப் பாப்பீங்க?"

அவர் யோசித்தார். முப்பது வருஷம் பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியவர். "மூணு… முடிஞ்சு."

ஐந்து மாதமும் இதுதான் நடந்திருக்கிறது. அவள் இரண்டிலேயே இழுத்துவிடுவாள். அவர் மூன்று முடிவதற்காகக் காத்திருப்பார். மூன்று என்ற சொல் அந்த வீட்டில் ஒரு நாளும் வந்ததே இல்லை. எழும்ப முயற்சி செய்யாத ஒரு முழு மனிதரின் எடையை, நாள் தவறாமல், தன் முதுகால் மட்டுமே அவள் இழுத்திருக்கிறாள்.

"தூக்குறதுங்கிற வார்த்தையை விட்டுடுங்கம்மா. மூட்டையைத்தான் தூக்கணும். ஐயாவை எழுப்பணும்," என்றாள் பிசியோ பெண்.

அப்படிச் சொல்லிவிட்டு அவரை நாற்காலியின் நுனிக்கு நகரச் சொன்னாள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வந்தன. விழுந்துபோன காலின் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். வலது கையை நாற்காலிக் கையில் ஊன்றச் சொன்னாள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள் என்றாள். மூவரும் சேர்ந்து எண்ணினார்கள். மூன்றில் அவர் பின்பக்கம் நாற்காலியிலிருந்து ஒரு சாண் மேலே வந்தது. பிசியோ பெண்ணின் கை அவர் இடுப்புப் பட்டையில் சும்மா இருந்தது. அவர் மறுபடி உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது, ஆனால் சிரித்தார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தனை நாளும் நான்தான் அவரை எழும்ப விடாம வச்சிருந்தேனா?"

"ஐயா உடம்பைப் பாத்தேன், ஒரு படுக்கைப் புண் கிடையாது. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற வீடு நான் அதிகம் பாத்ததில்லை. இனிமே கொஞ்சம் வேலையை அவருக்கும் குடுங்க, அவ்வளவுதான்."

அந்த ஒரு பேச்சுக்காகவே பிசியோ பெண்ணை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். முதுகு பிடித்துக்கொண்ட நாளிலிருந்து எல்லோரும் நீ என்ன தப்புச் செய்தாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்ததை ஒருத்தி பார்த்திருக்கிறாள்.

அவளுக்கும் பாடம் இருந்தது. துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்து, தலையும் நடுமுதுகும் வாலெலும்பும் கட்டையை விட்டு விலகாமல், இடுப்பிலிருந்து மட்டும் குனியப் பழக வேண்டும். பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும், பத்துத் தடவை. தெருவில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். வலிக்கிறதே என்று படுத்தே கிடக்கக் கூடாது.

எண்ணிக்கையைச் சரிபார்க்கிற பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் அவள் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவப் பார்த்தாள்.

"ஏழு," என்றார்.

"அட, நீங்க சும்மா இருங்க."

"மாட்டேன். ஏழு."

திட்டிக்கொண்டே ஏழாவதையும் செய்தாள். மனதுக்குள் என்னவோ நிறைந்தது. இந்த மனிதர் வகுப்பில் இப்படித்தான் இருந்திருப்பார், பிள்ளைகள் இப்படித்தான் திட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் நோட்டில் வலிக்கு ஐந்து என்று எழுதினார்கள். நான்காம் வாரம் ஒரு நாள் அவசரத்தில் பழையபடி இழுத்துவிட்டு ஏழுக்குப் போய், இரண்டு நாள் ஒத்தடத்தோடு கிடந்தாள். ஐந்தாம் வாரக் கடைசியில் மூன்று.

ஆறாவது வாரம் சொன்னபடி மகள் வந்தாள். அந்தத் தாள் பையிலிருந்து வெளியே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. காபி குடித்து முடித்ததும் அவர் ஜன்னலைக் காட்டினார். அங்கே போய் நிற்க வேண்டுமாம்.

மகள் பதறி எழுந்து அக்குளில் கை கொடுக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. கிட்ட நில்லு, போதும்."

அம்மா விழுந்துபோன காலின் பக்கமாகப் போய் முழங்காலை முட்டுக் கொடுத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் நுனிக்கு நகர்ந்தார். காலை இழுத்து வைத்தார். அதற்கே ஒரு நிமிஷம் ஆனது. ஊன்றினார், சாய்ந்தார், எண்ணினார். முதல் தடவை வரவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இவளுடைய விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை, மூன்றில், எழுந்து நின்றார். கால் ஆடியது, பிறகு நின்றது. இவள் பக்கத்திலிருந்த நாலுகால் ஊன்றுகோலை அவர் கைக்குள் நகர்த்தி வைத்தாள்.

"அம்மா, நீ கையே வைக்கலையே," என்றாள் மகள்.

"வைக்காம இருக்கத்தான்டி ஆறு வாரம் பழகினேன்."

மகள் மேசைமேல் இருந்த தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இவள் அதைக் கவனிக்கவே இல்லை. கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த முகத்தைக் குனிந்தே பார்த்திருக்கிறாள், படுக்கையில், நாற்காலியில். இன்று கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. அவர் தன்னைவிட உயரம் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.