மாமி முன்னால் கேட்ட கேள்வி

அக்காவின் கருத்தடை மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் துண்டுத்தாளை வாசித்தபோதுதான் வழக்குப் போடும் எண்ணம் வந்தது. கால் வீங்கினால் மாத்திரையை உடனே நிறுத்தும்படி அதில் இருந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்கே அகராதி தேவைப்பட்டது. சுனாமிக்குப் பிறகு நாங்கள் முகாமில் இருந்தபோது அக்காவுக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த தனியார் டாக்டர் இதைச் சொல்லவே இல்லை. காலில் இரத்தம் கட்டி, அக்கா இன்றும் நொண்டுகிறாள்.

சட்டத்தரணியிடம் ஓடினேன். கால் வீங்கி அக்கா போயிருந்த ஆஸ்பத்திரியின் சீட்டை அவர் பார்த்து, "மருந்தொண்டும் பாவிக்கல்ல எண்டு எழுதிக் கிடக்கே, தங்கச்சி? பிறகு மாத்திரையாலதான் எண்டு எப்பிடிக் காட்டுற?" என்றார்.

வீட்டுக்கு வந்து, ஏன் மறைத்தாய் என்று அக்காவிடம் கத்தினேன்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கக்குள்ள மாமி பக்கத்தில நிண்டவ. மாத்திரை போடுறன் எண்டு எப்பிடிப் புள்ள சொல்ற?" என்றாள் அக்கா.

இத்தனை பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஊரில், பிள்ளை வேண்டாமென்று சொல்ல எவளுக்கு வாய் வரும்? அது தெரியாமலா மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்? எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இன்னும் முகாமில் இருக்கும் பெண்களில் யார் டாக்டரிடம் போனாலும் இப்போது நானும் கூடப் போகிறேன். மாமிமாரை வெளியே இருத்திவிட்டுத்தான் பேச விடுகிறேன். ஏச்சும் வாங்குகிறேன்.

மாமியிடம் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டைத் திருத்தக் கேட்கப்போகிறோம். மறுத்தால், அக்கா மாத்திரை போட்டது உண்மை என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் திரும்பப் போவோம்.