பழையதை வைத்துக்கொள்ளவா?

‘பழைய அமைப்புகளை வைத்துக்கொள்ளவா?’ என்று திரை கேட்டதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் ஏற்கெனவே ஒரு டிக். சட்டையில் உட்கார்ந்த ஈயைத் தட்டுவதுபோல் அதைத் தட்டி எடுத்துவிட்டு, “மூட்டை முடிச்சோட குடி போனா புது வீடும் பழைய வீடுதாம்மா” என்கிறார்.

எங்கள் தெருவுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் ஆள். ‘அப்டேட் அண்ணன்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ரவுட்டருக்குள் நிறுவனத்தின் மென்பொருள் ஒரு பக்கம், நாம் எழுதிச் சேர்த்தவை இன்னொரு பக்கம். புது மென்பொருள் ஏற்றும்போது அந்த டிக் இல்லாவிட்டால் நாம் எழுதியதெல்லாம் அழிந்து போய்விடும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அடுத்தவர் எழுதிவைத்த எதற்கும் அவரிடம் ஒரே பெயர்தான்: அழுக்கு.

கழுத்தில் பென்டிரைவ் தொங்குகிறது. எங்கள் கிளினிக் டாக்டர் எதிரே வந்தால் அதைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வார். அவர் வீட்டு ரவுட்டர் மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறதாம். “ஓடுறதை ஏன் நோண்டணும்பாரு. என்னைத் தூசி தட்டக்கூட விடமாட்டாரு” என்றார் அவர் மனைவி. ஊருக்குத்தான் உபதேசம்.

நான் வேலை செய்யும் குழந்தைகள் கிளினிக்கில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. அது சூடானால் நர்ஸ் அக்காவின் போன் அலற வேண்டும். அதற்கான நிரலை டாக்டரின் மைத்துனர் ரவுட்டருக்குள்தான் எழுதி வைத்திருந்தார். புது மென்பொருள் ஏற்ற அப்டேட் அண்ணன் வந்த அன்று அக்கா வலியப் போய்ச் சொன்னார்.

“அண்ணே, ஃபிரிட்ஜ் அலாரம் அதுக்குள்ளதான் இருக்கு. பாத்துப் பண்ணுங்க.”

“நீங்க ஊசியைப் பாருங்க சிஸ்டர். பெட்டியை நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் நின்றுபோனது. போன் வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மருந்தெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. கைக்குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்களை மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினோம். மதியம் ஃபிரிட்ஜைச் சரிசெய்தார்கள். பிறகு அண்ணன் வந்தார். நேரே ரவுட்டரின் முன் போய் நின்றார்.

“பச்சை லைட் எரியுதா? எரியுது. நெட் வருதா? வருது. அப்புறம் என்ன குறை?”

“அலாரம் எங்கண்ணே?”

“அந்தக் குப்பையா? அது கெடந்தா பெட்டி ஸ்லோவாகும் சிஸ்டர்.”

“பெட்டி பறக்குது அண்ணே. பிள்ளைங்கதான் ஊசி போடாம திரும்பிப் போகுதுங்க.”

“ஃபிரிட்ஜ் கெட்டதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?”

அக்கா கெட்டுப்போன மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட ஆரம்பித்தார். ஃபிரிட்ஜின் தட்டுகள் காலியாகிக்கொண்டு வந்தன. அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நடுத்தட்டில் வைத்து, கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார்.