ஞாயிற்றுக்கிழமை ஐந்தேகால்

என் வீட்டுக்காரர் வீரமலைக்கு ஃப்ளாஷ் என்றாலே ஆகாது. "மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும், ராக்கு" என்பார். பதினாறு வருஷமாக அரியமங்கலத்திலிருந்து மொபெட்டில் கிளம்பிப்போய், திறந்தவெளியில் வெயிலை மட்டும் நம்பி ஆட்களைப் படம் எடுக்கிறார். ஒரு பழைய கேமரா, ஒரே லென்ஸ், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான் எங்கள் சொத்து. கேமரா அவர் கையில், அட்டை என் கையில். அட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் இருட்டுப் பக்கம் விழவேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தாலும், "மேல, மேல தூக்கு" என்று உயிரை எடுப்பார். வீட்டில் வாயே திறக்காத மனிதர் வெயிலைக் கண்டால் மட்டும் என்னை அதிகாரம் பண்ணுவார்.

அவருக்குப் பிடித்த வெளிச்சம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஜனங்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்து நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். இவர் அதையெல்லாம் சட்டை பண்ணமாட்டார். தினம் காலண்டர் தாளைக் கிழிப்பது நான். எனக்குப் பயம் உண்டு.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பிரேமலதா வந்தாள். லால்குடிக்காரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

"மார்ல கட்டி, அக்கா. செவ்வாக்கிழம மருந்து ஏத்த ஆரம்பிக்கிறாங்க. முடியெல்லாம் கொட்டிடுமாம். அது கொட்டுறதுக்கு முன்னாடி நானே சமயபுரத்தாளுக்குக் குடுத்துடுறேன்னு வேண்டிக்கிட்டேன். திங்கக்கிழம விடியகாலைல மொட்டை. அதுக்குள்ள ஒரு போட்டோ வேணும். என் பொண்ணுக்கு ஏழு வயசு. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அவ கண்ணுக்குள்ள நான் இந்த முடியோட நிக்கணும்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள்.

ஞாயிறு காலையெல்லாம் மழை. மூன்று மணிக்கு மேல்தான் வெறித்தது. ஐந்து மணிக்குக் கொள்ளிடக் கரையில் நின்றோம். மேற்கே வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. இவர் அவளை நிற்கவைத்து, கேமராவைத் தூக்கினார். சும்மா இருந்திருக்கலாம் நான். இந்த வாய் இருக்கிறதே!

"ஐயையோ, ராகு காலமாச்சே! இவ்ளோ பெரிய வைத்தியம் ஆரம்பிக்கப்போற பொண்ணு. ஆறு ஆகட்டுங்க."

"கார்த்திகை மாசம் ராக்கு. ஆறுக்கு முன்னாடியே சூரியன் போயிடும்."

"போனா என்ன? அப்புறமும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்கும்ல? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

பிரேமலதாவின் முகம் மாறிவிட்டது. "அக்கா சொல்றதும் சரிதாங்க. ஆறாகட்டும்" என்றாள். இவர் கேமராவை இறக்கிவிட்டார்.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் ஹேர்பின்னை வாயில் வைத்துக்கொண்டு முடியை அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். அவளைத் தேற்ற வேண்டுமே என்று, "இவ்ளோ முடிய வச்சுக்கிட்டு நீ கடையில நின்னா, எவ சேலையப் பாப்பா?" என்று சீண்டினேன். களுக்கென்று சிரித்துவிட்டாள். க்ளிக் என்று ஒரு சத்தம். இவரை முறைத்தேன். மனுஷன் ஒன்றும் தெரியாதவர்போல டீயை எடுத்தார்.

ஆறு மணிக்குச் சூரியன் இல்லை. "அசையாதம்மா, மூச்சப் பிடிச்சுக்க" என்று கெஞ்சிக் கெஞ்சி நாற்பது படம் எடுத்தார். திருப்பிவிட வெளிச்சமே இல்லாமல் நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து கேமராவில் பார்த்தேன். அந்தத் தீப்பெட்டி அளவுத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிந்தன. டீக்கடைப் படமும் இருந்தது. கீழே மணி ஐந்தேகால் என்று காட்டியது. நட்ட நடு ராகு காலம். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால்? நாற்பது இருக்கிறதே, இந்த ஒன்று எதற்கு என்று அழித்துவிட்டேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நாற்பதும் கலங்கல். ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை.

"டீக்கடையில ஒண்ணு எடுத்தேனே?"

"எனக்கென்ன தெரியும்?" நாக்குக் கூசாமல் சொன்னேன்.

"அப்ப அதுவும் விழல போல. என் கொழுப்புதான் ராக்கு. ஒரு ஃப்ளாஷ் வாங்கி வச்சிருக்கணும்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பதினாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. விடிந்ததும் பிரேமலதா மொட்டை போட்டுக்கொண்டாள். இவர் ஒரு காதுகுத்துக்குப் போய், கேமராவிலிருந்த அதே மெமரி கார்டு நிறையப் படம் எடுத்துவிட்டு வந்தார். இனி அழித்ததை மீட்கவும் வழியில்லை. மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அந்தப் பொண்ணுகிட்டப் போய் நீயே சொல்லு" என்றார். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

மூன்று வாரம் தைரியம் வரவில்லை. பிறகு லால்குடி பஸ் ஏறினேன். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிமுடித்தேன். "நான் பாவிம்மா" என்று அழுதேன்.

அவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கட்டி என்னன்னு டாக்டர் சொன்னது ஒரு வெள்ளிக்கிழம, அக்கா. காலைல பத்து மணி. வெளில வந்ததும் அங்க மாட்டியிருந்த காலண்டரத்தான் பாத்தேன். நல்ல நேரம்னு போட்டிருந்துச்சு."

நானும் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் படத்தப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். அதுல நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "இளவேனில், இங்க வா. பெரியம்மா சொல்றதக் கேளு."

பிள்ளை வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு உன் அம்மா சிரித்தாள் என்று ஆரம்பித்தேன்.